பெர்க்கின்ஸ் 4-108 படகு எஞ்சினில் எண்ணெய்க் கசிவு

பெர்க்கின்ஸ் 4-108 என்பது, பிராங்க் பெர்க்கின்ஸ் 1932இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் தொடங்கிய நிறுவனம் தயாரித்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். இதன் கொள்ளளவு 1.76 லிட்டர், அதாவது ஏறத்தாழ 108 கன அங்குலம். வேன்களில் ஓடிய இந்த எஞ்சின், கடலுக்கேற்ற குளிர்விப்பு அமைப்புடன் பாய்மரப் படகுகளிலும் பெருமளவில் இடம்பிடித்தது. நீண்ட உழைப்புக்குப் பேர்போன அதே அளவுக்கு எண்ணெய் ஒழுகுவதற்கும் பேர்போனது. ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் எனப் படகுக்காரர்கள் கேலி செய்வதுண்டு. ஓவர்ஹால் முடித்துப் புது பேக்கிங்கும் சீலும் போட்டு இறக்கிய எஞ்சினும் ஒழுகும்போது, கசிவின் மூலத்தைக் கண்டறிவது தனி வேலையாகிறது.

முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல். இது இன்றைய ரப்பர் உதட்டு சீல் அன்று. ஷாஃப்டிலேயே திருகு வரிகள் வெட்டப்பட்டிருக்கும். எஞ்சின் சுழலும்போது அவை வெளியேறப் பார்க்கும் எண்ணெயைத் திரும்ப சம்ப்புக்குள் தள்ளும். அவற்றைச் சுற்றி, இரண்டு அரைவட்டக் கூடுகளில் கயிறு போன்ற பட்டை பதிந்திருக்கும். முற்காலத்தில் அது கல்நாரால் ஆனது. பட்டையின் நுனிகள் கூட்டின் விளிம்பைத் தாண்டி 0.25 முதல் 0.50 மி.மீ. வரை துருத்திக்கொண்டிருக்க வேண்டும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று விளிம்போடு நறுக்கிவிட்டால், இரு பாதிகளும் சேரும் இடத்தில் இடைவெளி விழுந்து எண்ணெய் வழி கண்டுவிடும்.

இந்தத் திருகு வேலை செய்வது ஷாஃப்ட் சுழலும்போது மட்டும்தான். ஆகவே ஒழுகுவது ஓடும்போதா, நிறுத்திய பிறகா என்று கவனிப்பது பயன் தரும். நின்ற பிறகு மட்டும் சொட்டினால், எண்ணெய் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருக்கலாம். அல்லது எஞ்சின் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் எண்ணெய் அங்கே தேங்கலாம். அளவுக்கம்பியின் கோடு அந்தச் சாய்வுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓடும்போது ஒழுகினால் எஞ்சினைத் தூக்கும் முன் உள்ளழுத்தத்தைச் சோதிப்பதே முறை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிவரும் வாயு ப்ரீதர் குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் அடைபட்டிருந்தால் அந்த வாயு எந்த சீல் இளைத்ததோ அதன் வழியே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வரும். புதிய ரிங்குகள் சிலிண்டரோடு பொருந்தச் சுமை வேண்டும். பழகும் காலத்தில் நங்கூரத்தில் நின்றபடி பேட்டரி ஏற்றுவதற்காகச் சும்மா ஓடவிட்டால், சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் பளபளத்து ரிங் பிடிக்காமல் போகும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பலமாக அடிப்பது இதற்கு அடையாளம். இந்த நிலையில் எத்தனை சீல் மாற்றினாலும் காசுதான் கரையும்.

மூலம் தேடும் முன் எஞ்சினை டிகிரீசர் போட்டுக் கழுவி உலர்த்த வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓடும் எஞ்சினின் காற்றில் பின்னோக்கிப் படரும். எனவே சொட்டும் இடத்தை விட்டு, ஈரம் தெரியும் மிக உயரமான இடத்தையும் மிக முன்னால் உள்ள இடத்தையும் பார்க்க வேண்டும். ராக்கர் கவரின் பின்மூலையில் கசிவது பிளாக்கின் முதுகில் இறங்கி, ஃபிளைவீல் கூட்டின் அடியில் சொட்டி, பின் சீல்மேல் பழியைப் போடும். சம்ப் பேக்கிங்கின் மூலைகள், டைமிங் கவர் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், பழைய ரப்பர் வளையம் ஒட்டியிருக்க அதன்மேலேயே திருகப்பட்ட ஃபில்டர் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. கண்ணுக்குத் தப்பும் கசிவுக்கு எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கலாம். சொட்டுவது சிவப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் எண்ணெயாக இருக்க வாய்ப்புண்டு; பல படகு கியர்பாக்ஸ்களில் ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள்.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் அளவு குறைந்துகொண்டே போனால் ஆயில் கூலரைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே குழாய் அரித்திருந்தால், ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் நீரைவிட அதிகமாதலால் எண்ணெய் நீரோடு சேரும். கூலரில் ஓடுவது கடல்நீர் என்றால் அப்படியே வெளியேறிப் படகின் பின்னால் வானவில் படலமாக மிதக்கும். அளவு குறையாமல் ஏறினால் டீசல் உள்ளே இறங்குகிறது: லிஃப்ட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது இன்ஜெக்‌ஷன் பம்பின் ஷாஃப்ட் சீல் போயிருக்கும். டீசல் கலந்து நீர்த்த எண்ணெய் நல்ல சீலையும் கடந்துவிடும். பேரிங்குகளுக்கும் அது ஆபத்து என்பதால் அந்த எண்ணெயுடன் எஞ்சினை ஓட்டக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஃபிளைவீல் கூட்டின் அடியில் சொட்டினால் மட்டுமே கியர்பாக்ஸையும் ஃபிளைவீலையும் கழற்ற வேண்டும். கழற்றியதும் கயிற்றுப் பட்டையை மட்டும் மாற்றி மூடிவிடாமல், பிளாக்கின் பின்முகத்திலுள்ள அடைப்புகளில் ஈரம் உண்டா என்றும், ஷாஃப்டைச் சாணை பிடித்தபோது திருகு வரிகள் தேய்ந்துவிட்டனவா என்றும் பார்க்க வேண்டும். வரிகள் மழுங்கிய ஷாஃப்டில் புதுப் பட்டை நெடுநாள் தாங்காது.