தமிழ் இணையதளங்களின் தோற்ற வடிவமைப்பு

தோற்ற வடிவமைப்பு என்பது ஓர் இணையப் பக்கத்தின் எழுத்து, நிறம், படம், இடைவெளி, அசைவு எல்லாம் சேர்ந்து கண்ணுக்குத் தரும் உருவம். ஆங்கிலத் தளங்களில் அது பெரும்பாலும் ரசனையின் வரலாறு. தமிழில் முதல் பதினைந்து ஆண்டுகள் ரசனைக்கு முறையே வரவில்லை. எழுத்து தெரிகிறதா, வெறுங்கட்டமாக நிற்கிறதா என்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று தமிழ்த் தளங்களில் காணும் பாணிகள் பலவும் அந்தக் காலம் விட்டுச்சென்ற தழும்புகளோடுதான் வந்திருக்கின்றன.

டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் வலைப்பக்கம் 1991இல் வெளியானது. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியேற்றம் யூனிகோடு; அதே ஆண்டு வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதைத் திரையில் காட்டக் கணினிகள் தயாராக இல்லை. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளோடு ஒரு தளம் திறக்கப்பட்டபோது, எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் எழுத்தும் அதில் ஏறியது. தமிழ் வலைப்பக்கங்களின் தொடக்கமாக இதைச் சொல்வது வழக்கம். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று எழுத்துருக்கள் வெளிநாடுகளில் இருந்தே வந்தன. 1998 பொங்கலன்று தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றக் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்களில் அலங்காரம் என்று எதுவும் இல்லை. நூல் மட்டுமே இருந்தது.

எழுத்துரு இறக்கிய காலம்

அன்றைய தமிழ்த் தளத்தின் நெற்றியில் இரண்டு வரி இருக்கும்: எழுத்துருவை இறக்க இங்கே சொடுக்கவும், நிறுவிய பின் உலாவியை மூடித் திறக்கவும். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் தலையங்கம் முழுதும் ஆங்கில எழுத்துகளும் ஆச்சரியக்குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, நெட்ஸ்கேப் 4 ஆகியவை எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்ப வழி செய்தன. ஆனால் ஒன்றுக்கு ஏற்ற கோப்பு மற்றதற்கு ஆகாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. இணையத்தில் ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய திஸ்கியும் புழக்கத்தில் இருந்தது. பத்திரிகைகளோ தத்தம் வழியிலேயே போயின.

தலைப்புகள் படங்களாக வெட்டி ஒட்டப்பட்டதும் இதனால்தான். மஞ்சள் பின்னணியில் சிவப்புத் தலைப்பு, ஓரத்தில் மினுக்கும் ஜிஃப் படம், ஓடும் செய்திப்பட்டை என்று பக்கம் திருவிழாப் பந்தலாக இருந்தது. அதைக் கேலி செய்வது எளிது. எழுத்தையே நம்பமுடியாதவர்கள் படத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் நியாயமான தீர்ப்பு.

விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் அது இருந்தது. ஆனால் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிய, கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, சிடியைப் போட்டு, கணினியை மறுபடி இயக்க வேண்டும். அதுவரை ‘கொ’வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது இந்த நிலையில்தான். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது.

செல்பேசியும் புதிய எழுத்துருக்களும்

அதே 2010இல்தான் திரைக்கேற்ப வளையும் வடிவமைப்பு பற்றி வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்கோட் எழுதினார். ஆனால் அன்றைய ஆண்ட்ராய்டு செல்பேசிகள் பலவற்றில் தமிழ் கட்டமாகத்தான் வந்தது. ஓபரா மினி உலாவியின் அமைப்புக்குள் புகுந்து, எழுத்தைப் படமாக அனுப்பச் சொல்லிப் படித்தவர்கள் உண்டு.

2013இல் ஆப்பிளும் 2014இல் கூகுளும் தட்டையான பாணிக்கு மாறின. பளபளப்பு போய் எழுத்தே பக்கத்தின் அழகானது. தமிழுக்கு அப்போதுதான் நல்ல எழுத்துருப் பஞ்சம் உறைத்தது. ப்ரியா ரவிச்சந்திரன் வடித்த கட்டமரன் ஒன்பது தடிமன்களில் வந்தது. எக் டைப் குழுவின் முக்த மலர், பலூ தம்பி, இலங்கையின் தாரிக் அஸீஸ் வடித்த பவனம், கையெழுத்துச் சாய்வுள்ள கவிவனார், கூகுளின் நோட்டோ ஆகியவை இலவசமாகக் கிடைத்தன. படமாக வெட்டாமலே பெரிய தலைப்பு வைக்க முடிந்தது.

இன்றைய மோஸ்தர்கள் வேறு: இருள் முறை, பெட்டி பெட்டியான அடுக்கு, திரையை நிறைக்கும் தலைப்பு, 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்த கண்ணாடிப் பாணி. இவை ஆங்கிலத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் மெனுவை முழுப் பெரிய எழுத்தில் அமைக்கும் உத்தி பலிக்காது. ஆங்கில வரி உயரத்தைத் தமிழுக்குப் போட்டால் மேலே புள்ளி வெட்டுப்பட்டு ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். கீழே ‘மு’வின் வால் அடுத்த வரியில் இடிக்கும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடிகிற சப்மிட் பொத்தானில் ஒன்பது எழுத்துச் ‘சமர்ப்பிக்கவும்’ வழிந்து நிற்கிறது. ‘அனுப்பு’ என்று போட்டால் நான்கெழுத்தில் வேலை முடியும். இதற்கு வடிவமைப்பாளர் தேவையில்லை. தமிழ் பேசுகிற ஒருவர் போதும்.

எளாவூரில்

இந்த மோஸ்தர்கள் நடைமுறையில் செல்லுமா என்பதை ஒரு சாலையோரத்தில் பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அருகே, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள எளாவூரை லாரிக்காரர்கள் அறிவது சோதனைச் சாவடியால். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற மின்வழிச்சீட்டு வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஏற்றிய சரக்கானாலும் அப்படித்தான். அந்த பில்லை இணையதளத்தில்தான் எடுக்கிறார்கள். வழியில் நிறுத்திக் கேட்கும் அதிகாரிக்கு அதைத் தாளாகவும் காட்டலாம், செல்பேசியிலும் காட்டலாம்.

ஆக, வடிவமைப்பின் சோதனை இங்கே சாலையோரத்தில் நடக்கிறது. உச்சிவெயிலில், கீறல் விழுந்த திரைக்கு உள்ளங்கையால் நிழல் பிடித்து, பில்லின் 12 இலக்க எண்ணைத் தேட வேண்டும். வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து என்ற நாகரிகம் இங்கே செல்லாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு விகிதம் வேண்டும் என்று இணைய அணுக்க நெறிகள் 2008இலேயே சொன்னதன் பொருள் இந்த வெயிலில் விளங்கும். மோஸ்தர் எதுவும் இல்லாத அந்த பில்லில் வெள்ளையில் கறுப்பு எழுத்தும் ஒரு கியூஆர் கட்டமும்தான் இருக்கின்றன. எண்ணைப் படிக்கச் சிரமமானால் ஓட்டுநர் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கி நீட்டுகிறார்.