தஞ்சாவூர் கிராமங்களும் ஒரு பேராசிரியையும்

முக்கொம்பில் பிரிந்து கல்லணையைத் தாண்டும் காவிரித் தண்ணீர் தஞ்சாவூர் வயல்களுக்குப் போகிறது என்பதை ஜீயபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயல்களில் உழைப்பது யார், நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போகிறது என்று கணக்கெடுக்க 1951-ல் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வந்தார். பெயர் கேத்லீன் காஃப். 1925-ல் யார்க்‌ஷயரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மானுடவியல் படித்தவர். நானே ஓய்வு பெற்ற பிறகுதான் இவரைப் படித்தேன்.

தஞ்சாவூர் அருகே ஓர் ஊர், நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஊர். புத்தகத்தில் கும்பாப்பேட்டை, கிரிப்பூர் என்று பெயர் மாற்றி எழுதினார், ஊர்க்காரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று. கும்பாப்பேட்டையில் அக்ரஹாரம், குடியானவர் தெருக்கள், வயல்களுக்கு அப்பால் தள்ளிச் சேரி. இந்த அமைப்பு நம் ஆற்றங்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. சேரிக்காரர்கள் அக்ரஹாரத்துக்குள் வரக்கூடாது என்பதும் தெரிந்ததே. ஆனால் பிராமணர் சேரிக்குள் காலெடுத்து வைத்தால் அந்தத் தெருவுக்கே கெடுதல் என்று அவர்களும் நம்பினார்களாம். அக்ரஹாரத்தில் பிறந்த எனக்கு இது யாரும் சொல்லாத சங்கதி.

அவர் இங்கே இருந்தபோதுதான், 1952-ல், ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு என்றது அது. மிராசுதாரர் வீடுகளில் என்ன முணுமுணுப்பு இருந்திருக்கும் என்று நம் வயதுக்காரர்கள் ஊகிக்கலாம்.

பிறகு அமெரிக்காவில் பேராசிரியை ஆனார். 1962-ல் கியூபா நெருக்கடியின்போது, பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க அரசைக் கண்டித்துப் பேசினார். நிர்வாகத்தோடு மோதல் வந்தது, மறுவருஷம் வெளியேறினார். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் வேறு சிக்கல். மதிப்பெண் குறைந்த மாணவனை வியட்நாம் போருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குத் துணைபோக மனமில்லாமல் கனடா போனார். பாடம் நடத்துவதும் மார்க் போடுவதும் வெறும் உத்தியோகம் என்று இருந்துவிடலாம். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருந்தோம்.

கனடாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம். 1968-ல், மானுடவியலே மேற்கத்திய ஏகாதிபத்தியத்தின் பிள்ளை என்று எழுதிச் சக அறிஞர்களைச் சீண்டினார். அதே வருஷம் டிசம்பர் 25-ல் இங்கே கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். அடுத்த வருஷம் ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததால் அவர் வேலையும் போயிற்று. பிறகு நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

ஆனாலும் 1976-ல் அதே இரண்டு ஊர்களுக்குத் திரும்பி வந்தார். கும்பாப்பேட்டை பிராமணர்களில் பலர் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போயிருந்தார்கள். புதுநெல் வந்திருந்தது, உரம் வந்திருந்தது, கூலியாட்களின் வறுமை மட்டும் தீரவில்லை. குத்தகை பாக்கியைப் பற்றி நம் வீட்டுத் திண்ணைகளில் எத்தனையோ பேசியிருக்கிறோம், கூலியாள் வீட்டுக் கணக்கை நாம் யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் எழுதினார், 1981-ல் ஒரு புத்தகம், 1989-ல் இன்னொன்று. அதற்கடுத்த வருஷம் வான்கூவரில் காலமானார்.