கருப்பையும் காரீயமும்

கழக்கூட்டத்திலிருந்து மேற்கே சென்று கடலோரமாகத் தெற்கே திரும்பினால் வேளியும் கொச்சுவேளியும் வரும். அங்கே 1946-இல் நிறுவப்பெற்றது திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை. கேரளக் கடற்கரைக் கருமணலிலுள்ள இல்மனைட்டைக் கந்தக அமிலத்திற் கரைத்து, பாலினும் வெண்மையான ஒரு பொடியை அது செய்கிறது. கரிய மணலிலிருந்து வெண்மை பிறப்பது விந்தையே. ஆயினும், அந்த வெண்மை எதன் இடத்தைப் பிடித்தது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வரலாறு.

டைட்டானிய வெள்ளை வருமுன் உலகம் சுவருக்கும் கதவுக்கும் பூசியது ஈய வெள்ளையை. இங்கிலாந்தில் நியூகாசில் முதலிய ஊர்களில் அதைச் செய்யும் கூடங்களில் ஈயத் தகடுகளையும் பொடியையும் தலையிற் சுமந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்களுள் பலருக்குக் கரு தங்கவில்லை; பிறந்த குழந்தைகளும் நிலைக்கவில்லை. 1860-இல் பாரிஸ் மருத்துவர் கான்ஸ்டன்டின் பால் இதனை எழுத்தில் வைத்தார். அச்செழுத்துகளைத் தேய்த்து மெருகிடும் பெண்களின் கருப்பங்களை அவர் எண்ணிப் பார்த்தார். அவரிடம் இரசாயனக் கருவி ஏதுமில்லை. தாய்மாரிடம் கேட்டதும் கணக்கிட்டதுமே அவர் செய்த ஆய்வு. அதுவே போதுமானதாக இருந்தது.

இதனினும் கொடிய சான்று ஒன்றுண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெஃபீல்டு வட்டாரத்துப் பெண்கள், ஈயம் கலந்த மருந்துப் பிளாஸ்திரியை உருட்டி விழுங்கிக் கருவைக் கலைத்துக்கொண்டனர். சிலர் உயிரையும் இழந்தனர். மருத்துவர் கூடிப் பேசுமுன்பே ஈயத்தின் இயல்பை வறுமை அறிந்து வைத்திருந்தது!

1921-இல் ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைத் தடுக்க உடன்படிக்கை செய்தது. ஈய வெள்ளை கையாளும் தொழில்முறை வண்ணப்பூச்சு வேலையில் பெண்களைச் சேர்ப்பதையும் விலக்கிற்று. அதற்குள் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானிய வெள்ளை கடைக்கு வந்துவிட்டது. அதுவும் மாசற்றதன்று, கொச்சுவேளியின் அமிலக் கழிவு நெடுங்காலம் கடலிலேயே விடப்பட்டு வந்தது. ஆயினும் கருவை அழிக்கும் பழி அந்த வெண்பொடியைச் சார்ந்ததில்லை.

எண்ணும் காலம் போய் அளக்கும் காலம் வந்தது. 1955-இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஆலன் வால்ஷ், சுடரில் ஆவியான அணுக்கள் தமக்குரிய ஒளியை மட்டும் விழுங்குவதைக் கொண்டு உலோகத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். ஒரு துளி இரத்தத்திலும் ஈயத்தை எடைபோட இயலும் நாள் அணுகிற்று. கருக்கொண்ட பன்னிரண்டு, பதினான்காம் வாரத்திலேயே ஈயம் தாயிடமிருந்து கருவுக்குச் செல்கிறது என்று 1969-இல் லண்டனைச் சேர்ந்த பார்ல்ட்ராப் காட்டினார். நச்சுக்கொடி ஈயத்திற்குத் தடைச்சுவராகவில்லை.

அந்த ஈயம் எங்கிருந்து வந்தது? 1990களில் ஆஸ்திரேலியாவில் பிரையன் குல்சன் குழுவினர், அயல்நாடுகளிலிருந்து குடியேறிய பெண்களை ஆராய்ந்தனர். ஒவ்வொரு நாட்டு ஈயத்திற்கும் ஐசோடோப்பு விகிதம் சிறிது வேறுபடும். கருப்ப காலத்தில் இப்பெண்களின் இரத்தத்தில் தோன்றியது புதிய நாட்டின் ஈயம் மட்டுமன்று. பிறந்த நாட்டில் உண்டு மூச்சிழுத்து எலும்பிற் சேர்ந்த பழைய ஈயமும் கரைந்து வந்தது. குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுக்கும் எலும்பு, கூடவே இதையும் கொடுத்துவிடுகிறது.

அடுத்த படி, கருவுக்கும் முந்தியது. 1978-க்குப்பின் சோதனைக்குழாய் முறை பரவியபோது, முட்டையைச் சூழ்ந்துள்ள நுண்ணறை நீர் மருத்துவர் கைக்கு எட்டியது. முட்டையை எடுத்தபின் எஞ்சும் நீர் அது. கனடாவின் டொராண்டோவில் 1995-இல் வெளியான ஆய்வொன்று, புகைபிடிக்கும் பெண்களின் அந்நீரில் காட்மியம் மிகுதியாக இருப்பதைக் கண்டது. அளவு மிகச் சிறிது. நீரெடுக்கும் ஊசியோ குப்பியோ அழுக்காயினும் கணக்குப் பொய்த்துவிடும். ஆதலின் இத்துறையில் ஒரேயொரு எண்ணைக் கொண்டு முடிவு கட்டுவோரை நாம் நம்புவதற்கில்லை.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது. வீட்டு வண்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.