கிராப்பு



எங்கள் வயதுக்காரர்களுக்குக் கிராப்பு என்றால் தலைமுடிதான். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டு வந்த பையனை வீட்டுக்குள் விடாத கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எழுபது வயதுக்கு மேல் எனக்கு வேறொரு கிராப்பு அறிமுகமாயிற்று. கற்றுக்கொடுத்தவள் என் பேத்தி.

"படத்தோட மூலையைப் பிடிச்சு உள்ளே இழுங்க தாத்தா. வேண்டாதது போயிடும்."

நான் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேலையை 'ரெகாத்ரே' என்பார்கள். 'காத்ர்' என்றால் சட்டம். மறுபடியும் சட்டம் போடுவது என்று பொருள். ஆங்கிலத்தில் வெட்டுவது, பிரெஞ்சில் சட்டம் போடுவது. செய்கிற வேலை ஒன்றுதான். முகத்தில் இருக்கும் புள்ளிகளை எடுப்பதற்கு 'ரெதூஷ்' என்று பெயர். தையற்காரர் பழைய கால்சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பதற்கும் அங்கே அதே சொல்தான்.

இதைக் கற்றுக்கொள்ளக் காரணம், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த எங்கள் குடும்பப் படம். 1957இல் என் தங்கையின் முதல் பிறந்தநாளுக்கு எடுத்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா பக்கத்தில் நிற்கிறார், அக்காவும் நானும் முன்னால் நிற்கிறோம், தங்கை ஓரத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகில் நான்கு விரல்கள் தெரியும். அறுபது வருடத்துக்கும் மேலாகப் பார்த்த படம். அந்த விரல்கள் யாருடையவை என்று நான் கேட்டதே இல்லை.

போன மழைக்காலத்தில் சட்டம் செல்லரித்துவிட்டது. படத்தைக் காப்பாற்ற ஆணிகளைப் பிடுங்கிப் பிரித்தேன். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஜன்னல் வெட்டிய ஓர் அட்டை வைப்பார்கள் அல்லவா, பிரெஞ்சில் அதற்குப் பாஸ்பார்த்து என்று பெயர். அதைத் தூக்கியதும் படம் ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலம் கூடியது. அங்கே வெள்ளைப் புடவையில் அத்தை நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் நான் செய்ததைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த வெட்டும் வேலையின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

புகைப்படக் கலையை உலகுக்கு அறிவித்தது 1839 ஆகஸ்ட் 19ஆம் தேதி, பாரீஸில். தகேர் என்பவரின் முறையைப் பிரெஞ்சு அரசு பென்ஷன் கொடுத்து வாங்கியது. அவருக்கு வருடத்துக்கு 6000 பிராங்க். அவருக்கு முன்னோடியான நியெப்ஸ் இறந்துவிட்டதால் அவர் மகனுக்கு 4000 பிராங்க். பிரெஞ்சு பென்ஷன் என்றால் நம் ஊரில் சொல்தாக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். புகைப்படமும் அந்தக் கணக்கில்தான் வந்திருக்கிறது!

தகேர் 1838இல் பாரீஸில் ஒரு பெரிய வீதியை மாடியிலிருந்து படம் எடுத்தார். வண்டியும் ஜனமும் நிறைந்த வீதி. ஆனால் படத்தில் வீதி காலியாக இருக்கிறது. தகடு வெளிச்சத்தை வாங்கப் பல நிமிடங்கள் ஆனதால் நடந்துபோனவர்கள் யாரும் பதியவில்லை. பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொள்வதற்காக நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஆக, யாரும் கத்தரியை எடுப்பதற்கு முன்பே படம் சிலரை விட்டுவிட்டது.

கத்தரி வர அதிக நாள் ஆகவில்லை. 1854இல் திஸ்தேரி என்ற பாரீஸ் படக்காரர் ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். அச்சிட்ட தாளைத் துண்டு துண்டாக வெட்டி, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். பணக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த உருவப்படம் சாதாரண ஜனங்களுக்கும் கட்டுப்படியானது இதனால்தான். ஏறக்குறைய அதே காலத்தில் லெ கிரே என்பவர் கடலைப் படம் எடுத்தார். அன்றைய தகடுகளில் நீலம் மிக வேகமாகப் பதியும். கடல் சரியாக வந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். படத்தைத் திருத்துவது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிடித்த கெட்ட பழக்கம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு வழக்கம் என்னை உலுக்கிவிட்டது. அந்தக் காலத்தில் கைக்குழந்தையைப் படம் எடுக்கச் சில விநாடிகளாவது அது அசையாமல் இருக்க வேண்டும். எந்தக் குழந்தை இருக்கும்? அதனால் தாயோ தாதியோ குழந்தையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் ஒரு துணியைப் போட்டு, நாற்காலி போலவோ திரை போலவோ தோன்றச் செய்வார்கள். பக்கவாட்டில் நின்று பிடித்தால், சட்டம் போடும்போது ஜன்னல் அட்டையால் ஆளை மறைத்துவிடுவார்கள். இன்று அந்த அட்டைகளைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் இவற்றை 'மறைந்த தாய்' படங்கள் என்று சேகரிக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் வெட்டும் வேலை இருட்டறையில் நடந்தது. என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து, வேண்டிய பகுதியை மட்டும் பெரிதாக்கித் தாளில் விழவைப்பார்கள். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் நெகட்டிவின் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்வதில் மறைந்துவிடும். கூட்டத்தோடு எடுத்த படத்திலிருந்து இறந்துபோனவரின் முகத்தை மட்டும் பிரித்து, மாலை போட ஏற்ற படமாக்கித் தருவார்கள். பல வீடுகளில் பூஜை அறைக்குப் பக்கத்தில் இருப்பது இப்படி வெட்டி எடுத்த முகம்தான்.

வெட்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த ஒரு பெரியவரும் உண்டு. ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் அவர் நம் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரை அவருடைய அறையிலேயே படம் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். எடுக்கும்போதே சட்டம் சரியாக அமைய வேண்டும், பிறகு கை வைக்கக் கூடாது என்பது கார்த்தியே-பிரெஸ்ஸோனின் கொள்கை. ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று, 1932இல் பாரீஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டுவது, வெட்டிய படம்தான். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததில் ஓரத்தில் பலகை மறைத்துவிட்டது. கொள்கைக்காரருக்கும் சில நேரம் வேறு வழி இல்லை.

வெட்டியதால் உலகப் புகழ் பெற்ற படமும் இருக்கிறது. 1960 மார்ச் 4ஆம் தேதி, ஆயுதம் ஏற்றி வந்த 'லா கூப்ர்' என்ற பிரெஞ்சுக் கப்பல் ஹவானா துறைமுகத்தில் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறுநாள் அஞ்சலிக் கூட்டத்தில் கோர்தா என்ற படக்காரர் சே குவேராவை எடுத்தார். அசல் படத்தில் ஒரு பக்கம் வேறொருவரின் முகம், மறு பக்கம் பனை போன்ற மரத்தின் மட்டைகள். இரண்டையும் வெட்டினார். மீதி இருந்த முகம் இன்று ஆட்டோவின் முதுகில்கூட இருக்கிறது.

வெட்டுவதில் பயங்கரமும் உண்டு. ஸ்டாலின் கால்வாய் ஓரம் நடக்கும் படத்தில் பக்கத்தில் போலீஸ் தலைவர் எஜோவ் இருந்தார். 1940இல் எஜோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வந்த படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் ஓடுகிறது. ஆளைக் கொன்றது போதாதென்று, இருந்தார் என்பதையும் அழித்தார்கள்.

இவ்வளவும் பிறகு படித்ததுதான். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது.

அட்டைக்கு அடியில் இருந்த பகுதி வெளிச்சம் படாமல் தெளிவாக இருந்தது. மற்ற பகுதி பழுத்துப் போயிருந்தது. போனில் எடுத்துப் பார்த்தால் ஒரே படம் இரண்டு நிறமாகத் தெரிந்தது. நிற்பது அத்தை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புதிதாகக் கற்ற வித்தை அல்லவா, மூலையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பழைய சட்டம் இருந்த இடத்திலேயே கோடு வந்து நின்றது. படம் சுத்தமாக இருந்தது. பெருமையோடு குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, என் முதுகுல இருக்கிற கை யாரோடது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை.

அத்தை இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். எங்கள் மூவரையும் தூக்கி வளர்த்தவர் அவர்தான். நல்ல காரியம் என்றால் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். எண்பது வயது அக்காவிடம் கேட்டேன். "குழந்தை ஸ்டூல்ல உட்காராம அழுதுது. யார் பிடிச்சாலும் நிக்கல. அத்தை பிடிச்சதும் அடங்கிடுச்சு" என்றாள்.

"அப்படின்னா சட்டம் போடறப்ப அவங்களை மறைக்கச் சொன்னது யாரு? அப்பாவா?"

"அத்தையேதான். பிறந்தநாள் படத்துல நான் எதுக்குன்னு அவங்களே கடைக்காரன்கிட்ட சொன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல."

அப்பா எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அத்தைக்கு வேறு படமே கிடையாது. கடைக்காரர் வெட்டாமல் அட்டையால் மறைத்ததனால்தான் இன்று அவர் முகம் எங்களுக்குக் கிடைத்தது.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே என் உத்தியோகம். அசலில் கை வைக்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது உங்களுக்கும் அதையே சொல்கிறேன். படத்தைத் திருத்துமுன் முழுப் படத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். சேமிக்கும்போது 'நகலாகச் சேமி' என்பதையே அழுத்துங்கள். நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் படத்தின் புள்ளிகளில் கால் பங்குதான் மிஞ்சும். பெரிதாக அச்சிட்டால் மங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கியதாக இருக்கும். அதை வெட்டி அச்சுக்குக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரத்தில் நிற்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.

பேத்தி 1957இன் படத்தில் இரண்டு பகுதிகளின் நிறத்தையும் கிட்டத்தட்ட ஒன்றாக்கிவிட்டாள். உற்றுப் பார்த்தால் கோடு இன்னும் லேசாகத் தெரியும். இருக்கட்டும் என்றேன். புதுச் சட்டத்தைக் கொஞ்சம் அகலமாகச் செய்யச் சொல்லியிருக்கிறோம். ஆறு பேருக்கும் இடம் வேண்டும்.