காற்றின் எடையும் சிலிக்கன் தகடும்

நமது புதுக்கோட்டை மாவட்டம் போன்ற வறண்ட பகுதிகளில், ஆழமான பழைய கிணறுகளில் பம்பு செட்டைக் கரையில் வைக்காமல், உள்ளே மேடை கட்டி நீர்மட்டத்துக்கு அருகில் இறக்கி வைப்பது வழக்கம். காரணம் என்ன? உறிஞ்சு பம்பு எவ்வளவு வலிமையுடையதாயினும், நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உறிஞ்ச இயலாது. இதற்கு விளக்கம் தேடியதில் பிறந்ததே வெற்றிட இயல். இன்று கணிப்பொறிச் சில்லு செய்யும் ஆலைகளில், தன் கையில் தகடு இருக்கிறதா, இல்லையா என்று எந்திரம் அறிவதும் அவ்வியலின் துணையால்தான்.

டாரிசெல்லியின் விளக்கம்

ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பித் தொட்டியில் கவிழ்த்தால், பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். குழாயின் மேற்பகுதியிலுள்ள வெற்றிடம் அதை இழுக்கவில்லை. வெளிக்காற்றின் எடையே தாங்குகிறது என்று இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். 1648இல் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய தமக்கை கணவர் பெரியே, குழாயை மலையுச்சிக்கு எடுத்துச் சென்றார். பாதரசம் தாழ்ந்தது, மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது உறுதியாயிற்று.

எந்திரக் கை

வேஃபர் எனப்படும் சிலிக்கன் தகட்டைப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. எடை சுமார் 53 கிராம். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் உருவாகும். அது நழுவி உடைந்தால் பல வார உழைப்பு வீண். நம் நாட்டில் மொகாலியில் 1984இல் உற்பத்தி தொடங்கி, 1989இல் தீக்கு இரையாகி மீண்டெழுந்த ஆலை 'விக்ரம் 3201' என்னும் விண்வெளிச் சில்லைத் தயாரித்துள்ளது. இத்தொழிலில் தகட்டைப் பத்திரமாகக் கையாளுவதே ஒரு தனிக் கலை.

எந்திரத்தின் தட்டையான கை தகட்டின் அடியில் நுழைகிறது. கையிலுள்ள துளைகள் குழாய் வழியே வெற்றிடப் பம்புடன் இணைந்துள்ளன. தகடு இல்லையேல் துளை வழியே காற்று புகுந்துவிடும். குழாயில் அழுத்தம் அதிகம் குறையாது. தகடு துளையை மூடினால் அழுத்தம் சட்டென்று இறங்கும். குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால்தான் 'தகடு உண்டு' என்ற சைகை பிறக்கும், கை நகரும். தகடு வளைந்தோ விரிசல் கண்டோ காற்றுக் கசிந்தால், கை நின்றுவிடும்.

துளைகளின் பரப்பு 2 சதுர செ.மீ., குழாயின் அழுத்தம் வளிமண்டலத்தில் பாதி என்று கொள்வோம். அப்போது சுமார் 1 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தகட்டை அழுத்திப் பிடிக்கும்.

உணர்வி பிறந்த கதை

1849இல் பூர்தோன் அமைத்த அழுத்தமானியின் முள்ளைக் கண்ணால் பார்க்கலாம். எந்திரத்துக்கோ மின் சைகை வேண்டும். 1856இல் கெல்வின், உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுவதைக் கண்டார். சிலிக்கனிலும் ஜெர்மேனியத்திலும் இம்மாற்றம் பன்மடங்கு அதிகம் என்று 1954இல் சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். அதன் விளைவே இன்றைய உணர்வி: மெல்லிய சிலிக்கன் சவ்வு, அதில் நான்கு மின்தடைகள். அழுத்தம் மாறினால் சவ்வு வளையும், மின்னழுத்தம் மாறும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. முற்றிலும் வெற்றிடமாக்கப்பட்ட அறைக்குள் இது பயன்படாது. அங்கே தகட்டை அழுத்த வெளிக்காற்று இல்லை! ஒளி போன்ற வேறு வழியில்தான் தகட்டை அறிய வேண்டும். இழுப்பது வெற்றிடமன்று, தள்ளுவது காற்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு வியப்பையும் எண்ணிப் பாருங்கள். சிலிக்கன் தகட்டைக் காக்கும் அந்த உணர்வியும், ஒரு நாள் அத்தகைய தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட சில்லுதான்.