வாழை முடிக்கொத்து நோய்

வாழையைத் தாக்கும் வைரஸ் நோய்களில் மிகக் கொடியது. நோய் கண்ட மரத்தில் குருத்து விரிய விரிய, ஒவ்வோர் இலையும் முந்தையதைவிடக் குட்டையாக, குறுகி, விளிம்பு வெளுத்து, விறைத்து நிற்கும். உச்சியில் எல்லாம் ஒரே கொத்தாகிவிடும். கன்றுப் பருவத்திலேயே தொற்றினால் தார் கிடையாது. பிந்தித் தொற்றினால் தார் தண்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அல்லது கோணி வெளிவரும்.

1889-இல் பிஜித் தீவுகளில் பதிவான இந்நோய், 1913-இல் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு பிஜிக் கன்றுகளோடு வந்திருக்கலாம் என்பர். 1920-களில் நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து தோட்டங்கள் பாழாயின. மண்ணையும் உரத்தையும் பலர் சந்தேகித்துக்கொண்டிருக்க, சி. ஜே. பி. மேகி என்ற இளம் ஆய்வாளர் 1927-இல் காரணத்தை நிறுவினார்: வைரஸ், அதைச் சுமப்பது வாழை அசுவினி. வெட்டுக்கத்தியால் இது பரவுவதில்லை. நோய்த் தூரின் பக்கக்கன்றோடு ஊர்விட்டு ஊர் போகிறது.

முதல் அறிகுறி மட்டையிலும் நடுநரம்பிலும் தெரியும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும். வெயிலுக்கு எதிரே இலையைப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். இந்தக் கரும்பச்சை ஏன் என்பதற்கும் மேகியின் நுண்ணோக்கி விடை தந்தது. உணவு கடத்தும் புளோயம் திசுவின் செல்கள் பெருத்தும் பெருகியும் இருந்தன. சுற்றியுள்ள செல்களில் அளவுக்கு மீறிய பசுங்கணிகங்கள். கோடுகளின் கரும்பச்சை அதுவே.

வைரஸ் துகள்களைப் பிரித்தெடுக்க 1990-களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுமார் 18 நானோமீட்டர் துகள். ஆறு சிறு டிஎன்ஏ வளையங்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். பிரியாமல் ஓய்ந்திருக்கும் செல்லில் இவ்வைரஸ் பெருகுவது கடினம். எனவே ‘கிளிங்க்’ என்னும் அதன் புரதம், செல் பிரிவுக்குக் கடிவாளமான ரெட்டினோபிளாஸ்டோமா வகைப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, செல்லை டிஎன்ஏ படியெடுக்கும் நிலைக்குத் தள்ளுவதாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் இந்நோய் 1940 வாக்கில் கேரளத்தில் நுழைந்தது. இலங்கையிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் பேரிழப்பு கீழ்ப்பழனி மலைக்கும் சிறுமலைக்கும்தான். பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழை அங்கே காப்பித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் மறுதாம்பாக விடப்படுவது. ஒரு தூரில் புகுந்த வைரஸ் அதன் கன்றுகளிலெல்லாம் தங்கியது. 1970-களுக்குப் பின் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மலைவாழை அரிதாகியிருந்தது.

நோய்க்கு மருந்து இல்லை. அசுவினியை முதலில் கொன்றுவிட்டு, கிழங்கோடு தூரைத் தோண்டி அழிப்பதே வழி. வரிசை மாறினால் பூச்சி அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். திசு வளர்ப்புக் கன்றும், தாய்மரத்தைச் சோதித்து எடுத்திருந்தால்தான் நம்பத்தக்கது.