காளான் வீடும் வாய்க்காலும்: ஹானி மலையூர்களில் நிலத்தோற்றத் திட்டமிடல்

சீனாவின் யுன்னான் மாநிலத்தில், அய்லாவ் மலைச்சரிவுகளில் ஹானி மக்கள் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாகத் திருத்திவரும் படிவயல்களை யுனெஸ்கோ 2013இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலேறிய பரப்பு 16,603 எக்டேர். அதற்குள் 82 ஊர்கள். இத்தகைய சிறுபான்மை இன ஊர்களுக்குச் சுற்றுலாத் திட்டம் வகுப்போர் பெரும்பாலும் வீட்டு முகப்பிலிருந்து தொடங்குகிறார்கள். வாய்க்காலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஹானி ஊரை மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். மேட்டில் காடு, அதன் கீழ் ஊர், ஊருக்குக் கீழே வயல், அடியில் ஆறு. காடு பிடித்துவைத்த நீர் ஊருக்குள் புகுந்து, சேர்ந்து கிடக்கும் சாணத்தை அடித்துக்கொண்டு வயலுக்கு இறங்குகிறது. எருவைச் சுமக்க ஆள் தேவையில்லை. வாய்க்கால் பிரியுமிடத்தில் வெட்டுகள் கொண்ட மரக்கட்டை ஒன்று கிடக்கும். வெட்டின் அகலம் எவ்வளவோ, அவரவர் நீர்ப்பங்கும் அவ்வளவே. வாய்க்காலைக் காப்பவருக்கு ஊரார் நெல்லையே கூலியாக அளந்தனர்.

'காளான் வீடு' எனப்படும் கூரைவீட்டின் தரைத்தளம் மாட்டுக்கு, நடுத்தளம் மனிதருக்கு, பரண் தானியத்துக்கு. தரைத்தளத்தை விருந்தினர் அறையாக்கினால் கூரைப்புல்லும் மண்சுவரும் அப்படியே இருக்கும். முகப்பு விதி எதுவும் மீறப்படாது. ஆனால் எருமை வெளியேறிவிடும், அதனுடன் உழவும் எருவும். குளிர்காலத்தில் வயலில் நீர் தேங்குவதும் படமெடுப்போருக்காக அன்று. காய்ந்தால் வரப்பு வெடித்துச் சரியும்.

அஜெகே என்னும் சிற்றூரில் சுன் யாட்-சென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வகுத்த திட்டம் இங்கே கவனத்துக்குரியது. சுற்றுலா வருவாயில் 30 விழுக்காடு ஊர்க்கூட்டு நிறுவனத்துக்கு. 70 விழுக்காடு குடும்பங்களுக்கு. குடும்பங்களின் பங்கு நான்காகப் பிரியும்: மரபு வீட்டைக் காப்பதற்கு 40, வயலைப் பயிரிடுவதற்கு 30, ஊரிலேயே வசிப்பதற்கு 20, குடிப்பதிவுக்கு 10. இதை வெறும் பணப்பங்கீடாகப் படிப்பது பிழை. எந்த வரைபடத்தைவிடவும் தெளிவான நிலத்தோற்றத் திட்டம் இது. வயலைத் தரிசாக விட்டவருக்கு அந்தப் பங்கு இல்லை.

எனினும் எடைகளில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டைக் காப்பது பெரும்பாலும் இடிக்காமல், விற்காமல் இருப்பது. எப்போதேனும் கூரை வேய்வது. வயலைக் காப்பதோ ஆண்டு முழுதும் சேற்றில் இறங்கும் உழைப்பு. 40-உம் 30-உம் இடம் மாறியிருக்க வேண்டும். வெளியார் கையில் வீடுகள் போய்விடும் அச்சமே அப்போது முன்நின்றது என்பார்கள். அதில் நியாயம் உண்டு.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த நான்கு தலைப்புகளில் காட்டுக்கும் வாய்க்காலுக்கும் தனிப்பங்கு இல்லை. ஒரே வாய்க்கால் பல ஊர்களுக்கு நீர் தரும் மலையில், பங்குத்தொகை மட்டும் ஊரெல்லையில் நின்றுவிடுகிறது. ஆகவே திட்டத்தின் அலகு ஊராக அன்றி, ஒரு வாய்க்காலின் நீர் சென்று சேரும் பரப்பு முழுவதுமாக இருக்க வேண்டும். அப்படிக் கணக்கிட்டால், பார்வைமேடை அமையாததால் பயணிகள் எட்டிப் பார்க்காத மேலூருக்கும், அது வெட்டாமல் வைத்திருக்கும் காட்டுக்காகப் பங்கு எழுத வேண்டிவரும்.